உங்கள் மருமகளின் பையில் ஒரு மஞ்சள் தாள்

மதிப்பும் பிரியமும் மாறாத மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்தோடு எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நேரில் சோதித்துப் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாதவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கைக்கு இடுப்பு வலி குறைந்திருப்பதாக அவளே சொல்கிறாள்; வேறு சாட்சி இல்லை. எனக்கு வலது முட்டியில் ஒரு சிராய்ப்பைத் தவிர வேறு குறை இல்லை. அது எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள், கடை வியாபாரம் குறைவில்லாமல் நடக்கும் என்று நம்புகிறேன். இதையெல்லாம் ஃபோனிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஃபோனை நான் இப்போது நம்புவதில்லை. சொன்னதை அது எழுதுகிறது, எழுதியதை அது படிக்கிறது, நடுவில் என்ன செய்கிறதென்று யாருக்குத் தெரியும்?

விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை வந்தபோது, உங்கள் குழாய்க் கடையில் கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகக் கிடக்கிறது, நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று சொன்னீர்கள். அந்த நாற்காலியை உங்கள் மருமகளுக்கு, அதாவது என் மகளுக்கு, வைத்திருக்கும்படி கேட்கத்தான் இந்தக் கடிதம். அவள் ஃபிரிட்ஜ், ஏசி பழுதுபார்க்கும் டிப்ளமா படிப்பது உங்களுக்குத் தெரியும். மெஷின் வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் முனகுவதை வாசலில் நின்று கேட்டே, கோளாறு இன்ன இடத்தில் என்று சொல்லிவிட்டாள். புத்தகம் பார்க்காமல், யாரையும் கேட்காமல் சரிசெய்தும் கொடுத்தாள். இங்கிலீஷ் பேப்பர் ஒன்றுதான் வில்லங்கம். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போயிற்று. மூன்றாவது முறையும் போனால் காலேஜை விட்டு அனுப்பிவிடுவார்கள். அந்த மூன்றாவது முறை அடுத்த மாதம் வருகிறது. அவர்கள் அனுப்புவதற்கு முன்னால் நாமே அழைத்துக்கொண்டால் மரியாதையாக இருக்கும் என்பது என் எண்ணம். இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்பீர்கள். அந்தக் காலேஜில் நடக்கிற எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் ஒரு பெயர் வைத்தார்கள். கூடுதல் உதவி தேவைப்படும் மாணவியாம். என் மகளுக்கு என்ன குறை, கூடுதலாக என்ன வேண்டும் என்று நான் கேட்டதற்கு, காலேஜ் கூட்டத்துக்குப் போய்வந்த உங்கள் தங்கை விளக்கம் சொன்னாள். இங்கிலீஷ் எழுத்துகள் அவள் கண்ணுக்கு ஒரு இடத்தில் நிற்பதில்லையாம், நெளிகின்றனவாம், நகர்கின்றனவாம். அது சோம்பலும் இல்லை, புத்திக்குறைவும் இல்லை, மூளை ஆளுக்கு ஒரு விதமாக வேலை செய்கிறதாம். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு அறை, தனியாக ஒரு டீச்சர், அதற்கு ஃபீஸே கிடையாதாம். மச்சான், நான் ஆயுள் முழுக்க ஒரு தொழிற்சாலை வாசலில் நின்று, வெளியே போகிற ஒவ்வொரு பையையும் பிரித்துப் பார்த்தவன். எனக்கு இரண்டு விஷயம் தெரியும். தானாக நகரும் பொருள் என்று உலகத்தில் எதுவும் இல்லை, யாரோ நகர்த்துகிறார்கள். இரண்டாவது, எலி சும்மா அம்மணமாக ஓடாது.

பைச் சோதனை எங்கள் வீட்டில் புதிதல்ல. அவள் காலேஜிலிருந்து வந்ததும் பையைக் கூடத்து மேஜையில் வைப்பாள், நான் பார்ப்பேன். வேலை என்னை விட்டுவிட்டது, கை வேலையை விடவில்லை. ஒருநாள் அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு கண்ணாடித் தாள் இருந்தது. எதற்கு என்றேன். இதைப் புத்தகத்தின் மேல் வைத்தால் எழுத்து கொஞ்சம் அடங்கி நிற்கிறது, எல்லோருக்கும் அப்படி இல்லை, எனக்கு அப்படி என்றாள். நானும் வைத்துப் பார்த்தேன். எனக்கு எழுத்து முன்பும் நின்றது, வைத்த பிறகும் நின்றது. அப்படியானால் தாளில் வேறு ஏதோ இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தண்ணீரில் நனைத்துப் பார்த்தேன், மறைவாக எழுதியது சூடு காட்டினால் தெரியும் என்று எப்போதோ கேட்டது ஞாபகம் வந்து, வாணலியை அடுப்பில் ஏற்றி அதன்மேல் பரப்பினேன். எழுத்து ஒன்றும் வரவில்லை, வாணலிதான் மஞ்சளாயிற்று. அதிலிருந்து உங்கள் தங்கை சில நாள் என்னோடு பேசவில்லை. அதைத் தண்டனை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மறுநாள் உங்கள் மருமகளின் பையில் இன்னொரு மஞ்சள் தாள். ஒன்று பிடிபட்டதும் அடுத்தது வருகிறதென்றால் உள்ளே ஒரு கிடங்கே இருக்கிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து அந்த டீச்சருக்கு நான் மஞ்சள் தாள் டீச்சர் என்று பெயர் வைத்தேன்.

அடுத்தது ஒரு குரல். ஒரு மாலை அவள் அறைக்குள் யாரோ ஒரு பெண்மணி இங்கிலீஷில் பேசுவது கேட்டது. வாசல் வழியாக யாரும் வரவில்லை, நான்தானே வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் திறந்தால் உள்ளே அவளும் புத்தகமும் ஃபோனும் மட்டும். ஃபோன் வாசிக்கிறது, இவள் அந்த வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டே போகிறாள். கண்ணும் காதும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லுமாம், அப்போது சொல் மனதில் தங்குமாம். சாட்சிகளைத் தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் பேசி வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். பிறகு அந்தப் பெண்மணியிடமே நீங்கள் யார் என்று இங்கிலீஷில் கேட்டேன். என் இங்கிலீஷ் லாரிக்காரர்களை நிறுத்திய இங்கிலீஷ், அதற்கு மறுபேச்சு இருந்ததில்லை. அந்த அம்மாள் கொஞ்சமும் அசையாமல் கம்ப்ரெசரைப் பற்றிப் பேசிக்கொண்டே போனாள். மடியில் கனமில்லாதவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார்கள்.

இனி வீட்டில் உட்கார்ந்து பயனில்லை என்று காலேஜுக்கே போனேன். அந்த அறை கீழ்த்தளத்தின் கோடியில், சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டி இருக்கிறது. ஜன்னல் என் தலைக்கு மேலே இருந்ததால், ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து ஏறிப் பார்த்தேன். உள்ளே நான் கண்டதை அப்படியே சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கல்யாண வயதில் இருக்கிற ஒரு பெண் தட்டில் மணலைக் கொட்டி, விரலால் பெரிது பெரிதாக எழுத்துப் போட்டு, அதன் ஓசையை வாய்விட்டுச் சொல்கிறாள். காதுக் கருவி போட்ட ஒருவர் டீச்சரின் வாயை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. நெட்டையாக ஒருவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டே படிக்கிறார்; உட்கார்ந்தால் அவருக்குப் படிப்பு ஓடாதாம். உங்கள் மருமகள் ஒரு நீளமான சொல்லைக் கைதட்டித் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். பாடப் புத்தகம் எங்கே என்று பார்த்தால், ஏதோ மெஷினின் முதுகில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைச் சீட்டுகளை வைத்து நடக்கிறது வகுப்பு. இதுவா காலேஜ் என்று நான் எட்டிப் பார்த்த நேரத்தில், அந்த நடைக்காரர் ஜன்னல்வரை வந்து என் முகத்தைப் பார்த்தார். படிப்பதை நிறுத்தவில்லை. வரியை முடித்துவிட்டுத் திரும்பும்போதுதான், ஜன்னலில் ஒரு ஐயா இருப்பதாக டீச்சரிடம் சொன்னார். வாளி சறுக்கியது. முட்டிச் சிராய்ப்பின் வரலாறு இதுதான்.

மஞ்சள் தாள் டீச்சர் ஓடிவந்து தூக்கிவிட்டார். உங்கள் தங்கையை அவருக்குத் தெரியும், என்னைத் தெரியாது.

"ஃபோன்ல பேசினவர் நீங்கதானே? எழுதித் தர்ற பயிற்சிக்கு வர்றேன்னு சொன்னீங்களே. கதவு அந்தப் பக்கம் இருக்குங்க," என்றார்.

ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் தலையை ஒரு மாதிரியாக ஆட்டினேன். கோட்டைக்குள் போக அவர்களே கதவைத் திறந்துவிட்டால் வேண்டாம் என்பவன் மடையன். உங்கள் மருமகள் என்னைப் பார்த்தாள். அப்பா என்று கூப்பிடவில்லை. உட்காருங்க சார் என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பெற்ற மகள் இவ்வளவு சுலபமாக நடிக்கிறாளே, இதை எங்கே கற்றாள் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

பயிற்சி என்னவென்று சொல்கிறேன், இதில்தான் முழு சூழ்ச்சியும் இருப்பதாக நான் நினைத்தேன். பரீட்சையில் இந்தப் பிள்ளைகள் பதிலைச் சொல்வார்களாம், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதித் தருவாராம். சொல்வது ஒருவர், எழுதுவது ஒருவர், மார்க் யாருக்கு என்று நேராகவே கேட்டேன். டீச்சர் கோபப்படவில்லை. எழுதிக் கொடுக்கத்தான் ஆள் உண்டு, படிப்பதை அவர்களுக்காக யாரும் படித்துவிட முடியாது, படிக்கப் பழகத்தான் இந்த அறை என்றார். பிறகு விதிகளைச் சொன்னார். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, மாற்றக்கூடாது. தலையாட்டக்கூடாது, இருமக்கூடாது. சொல்கிறவர் தப்பாகச் சொன்னாலும் சரியாகச் சொன்னாலும் முகத்தில் எதையும் காட்டக்கூடாது. உறவுக்காரர் பரீட்சையில் எழுதவே கூடாது. உண்மையைச் சொன்னால், மச்சான், எனக்கு அந்த விதிகள் பிடித்துப்போயின. எங்கள் வாசலில்கூட இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. திருட்டு நடக்கிற இடத்தில் இத்தனை பூட்டு எதற்கு என்று அதிலும் ஒரு சந்தேகம் வந்தது.

முதலில் நடைக்காரருக்கு எழுதினேன். காலை நேரத்தைப் பற்றிச் சொல்லு என்பது கேள்வி. அவர் அறையைச் சுற்றிக்கொண்டே, எழுந்திருப்பேன், டீ குடிப்பேன், பஸ் பிடிப்பேன், காலேஜுக்கு வருவேன் என்று முடித்துவிட்டார். பதில் மெலிந்துபோய்ப் பார்க்கவே பாவமாக இருந்தது. எழுந்ததும் பல் தேய்ப்பேன், பெற்றோரை வணங்குவேன் என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஐயா, இந்த வரியை அவர் சொல்லலையே."

"பல் தேய்க்காமலா வந்திருப்பார்?" என்றேன்.

"தேய்ச்சாரா இல்லையாங்கறது நம்ம வேலை இல்லைங்க. அவர் சொல்லாத ஒண்ணை நீங்க உள்ளே கொண்டுவந்தா, அதுக்குப் பேர் காப்பி. பரீட்சையா இருந்தா ரெண்டு பேரையும் வெளியே அனுப்பியிருப்பாங்க."

ஊரான் பையிலெல்லாம் திருட்டைத் தேடியவன் கையில் திருட்டைக் கண்டுபிடித்தார்கள், மச்சான். நடைக்காரர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, பல் தேய்ப்பது உண்மைதான், ஆனாலும் அது தன்னுடைய வாக்கியம் இல்லை என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அன்று காதெல்லாம் சூடாக வீடு திரும்பினேன். இனி ஒரு புள்ளிகூட அதிகம் வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். எங்கே தப்பு நடந்தாலும் கண்டுபிடிக்க, முதலில் என் கை சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா?

சில நாள் அப்படியே போனது. அதற்குள் ஃபோனில் பேசிய அசல் மனிதர், ஓய்வுபெற்ற கணக்காளர், வந்து சேர்ந்தார். இனி குட்டு உடைந்தது என்று நினைத்தேன். டீச்சரோ, இரண்டு பேர் இருந்தால் நல்லதுதானே என்று சொல்லி அவருக்கும் ஒரு நாற்காலி போட்டார். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகப்படாதவர்களை நான் நம்புவதே இல்லை. அதற்கு ஏற்றாற்போல அன்றைக்கு, கணக்காளரை நடைக்காரரிடம் அனுப்பிவிட்டு, என்னை உங்கள் மருமகளின் எதிரில் உட்கார வைத்தார். கேள்வி, உன் வீட்டில் ஒருவரைப் பற்றிச் சொல் என்பது. கேள்வியை அவளே படித்தாள். மஞ்சள் தாளை வைத்து, விரலை ஓட்டி, திணறித் திணறி, ஆனால் அவளே படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் இங்கிலீஷில் சொன்னாள், நான் உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"என் அப்பா ஒரு தொழிற்சாலை வாசலில் வேலை பார்த்தார். எல்லோருடைய பையையும் சோதிப்பார். என் பையையும் சோதிப்பார். எனக்குப் படிப்பு வராததை நான் எங்கேயோ ஒளித்து வைத்திருப்பதாக நினைக்கிறார். தேடி எடுத்துவிட்டால் நான் சரியாகிவிடுவேன் என்று நினைக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குப் பயம். நான் தோற்ற அன்றைக்கு அவர் சாப்பிடுவதில்லை. அவர் முன்னால் படிக்க எனக்குப் பிடிக்காது. நான் திணறினால் அவர் உதடு அசையும். அதைப் பார்த்ததும் தெரிந்த சொல்லும் ஓடிவிடும்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முற்றுப்புள்ளி என்றும் அவளே சொன்னாள், நான் வைத்தேன். என்னைப் பற்றிய குற்றப்பத்திரிகையை என் கையாலேயே, முகத்தில் எதையும் காட்டாமல் எழுதினேன். மறுத்து ஒரு வரி சேர்க்கலாம் என்றால் அது காப்பி. இருமலாம் என்றால் அதுவும் கூடாது. டீச்சர் வந்து தாளைப் படித்துப் பார்த்து, ஒரு இடத்திலும் தப்பில்லை, இப்போதுதான் நீங்கள் எழுதித் தருபவர் என்றார். பிறகு மெதுவாக இன்னொன்றும் சொன்னார்.

"பயிற்சியில அப்பா எழுதினா தப்பில்லைங்க. பரீட்சையிலதான் கூடாது."

எப்போது தெரியும் என்று கேட்டேன். முதல் நாளே தெரியும் என்றார். உள்ளே வந்ததும் எல்லோரும் ஆளைப் பார்ப்பார்கள், நீங்கள் அவள் பையைப் பார்த்தீர்கள் என்றார்.

ஆக, மச்சான், நிலைமை உங்களுக்குப் புரிந்திருக்கும். வீட்டு விஷயம் வெளியே போகிற இடம் அது. எல்லாம் தெரிந்துகொண்டு தெரியாததுபோல் இருக்கிற டீச்சர், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத ஃபோன் பெண்மணி, நடந்துகொண்டே படிக்கிற ஆள், மணல். இதையெல்லாம் நம்பி அந்தப் பெண்ணை மூன்றாவது முறை பரீட்சைக்கு எப்படி அனுப்புவது? இன்னொன்றையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. போன முறை ரிசல்ட் வந்த அன்று அவள் அழவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மிக்ஸியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை. நாற்காலியில் உட்கார்ந்து குழாய்க்குப் பில் போட்டால் யாரும் அவளைத் தோற்றவள் என்று சொல்லமாட்டார்கள். ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்ததும் நாற்காலியைத் துடைத்து வைக்கவும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம். உங்கள் தங்கை அன்பைச் சொல்லச் சொன்னாள். பக்கத்து அறையிலிருந்து சொன்னாள், நான் கேட்டேன், அதனால் அது உறுதி. எல்லோரும் நோயில்லாமல், கடன் இல்லாமல், நல்ல பெயரோடு இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: நாற்காலி வேண்டாம், மச்சான். வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டு வேறு கடிதம் எழுதியிருக்கலாம், ஆனால் சொன்னதை மாற்றக்கூடாது என்பது விதி, எனவே அப்படியே அனுப்புகிறேன். கடிதத்தை ஒட்டப் போன நேரத்தில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுபோயிற்று. உங்கள் மருமகள் அதன் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துவந்து, மஞ்சள் தாளை வைத்து, தரையில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். என் முன்னாலேயே படித்தாள். டார்ச் பிடிக்கும் வேலை எனக்கு. ஒரு சொல்லில் வந்து நின்றுவிட்டாள். எனக்குத் தெரிந்த சொல், லாரிக்காரர்களிடம் ஆயிரம் தடவை சொன்ன சொல், நாக்கு நுனியில் நிற்கிறது. உதடு அசைந்துவிடும் என்று பயந்து டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டேன். அவள் கைதட்டி அந்தச் சொல்லை இரண்டாக வெட்டினாள், மூன்றாக வெட்டினாள், விட்டுவிட்டு மறுபடி வந்தாள். எங்கள் வாசலில் ஒரு லாரி முழுக்கச் சரக்கைச் சோதித்த நாள்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை. கடைசியில் சொல்லிவிட்டாள். அடுத்த வரிக்குப் போய்விட்டாள். நான் முகத்தில் எதையும் காட்டாமல்தான் நின்றேன். உங்கள் தங்கைதான் வந்து, "எதுக்கு டார்ச்சைக் கடிச்சுக்கிட்டு அழறீங்க?" என்றாள்.

பரீட்சைக்கு அவள் போகிறாள். நானும் போகிறேன், நடைக்காரருக்கு எழுத. அவர் பல் தேய்க்காமல் வந்தாலும் ஒரு வார்த்தை சேர்க்கமாட்டேன். பாஸாவாளா என்று எனக்குத் தெரியாது. இன்னொன்று. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு வயர் கழன்று கிடந்தது, அவ்வளவுதான் கோளாறு. அந்த வயர் தானாகக் கழலுகிற வகை இல்லை. அதைக் கண்டுபிடிக்க அவளுக்குப் புத்தகமும் தேவையில்லை. இந்த ஒரு பையை நான் பிரிக்கப்போவதில்லை.